சர்க்கரை நுழையாத வீடு

இரண்டாவது பிள்ளை வயிற்றில் தங்கிய செய்தி கேட்டு எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. முதல் பிள்ளை முழு மாதமும் இருந்து, பிறக்கும்போது செத்துப் பிறந்தது. பெரிய பிள்ளை. தோள் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் போய்விட்டது என்று மருத்துவச்சி சொன்னாள். ஊர் அதற்குக் கண்ணேறு என்று பெயர் வைத்தது. "அம்புட்டுப் பெரிய வயித்த வச்சுக்கிட்டு அவ வாசல்ல நிக்கலாமா?" என்று என் காதுபடவே பேசினார்கள். வாசலில் நிற்காமல் பின்னே அடுப்புக்குள்ளா போய் நிற்பது? எனக்கு அப்போதே கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவள் கோபப்பட்டால் அதையும் ஒரு குறையாகத்தான் சொல்வார்கள் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் போடியில் பிறந்து சுருளிப்பட்டிக்கு வாக்கப்பட்டவள். புகுந்த வீட்டில் மாமனார் இல்லை. வீட்டுக்காரர், அவருடைய அம்மா, நான், மூன்றே பேர். அவருடைய அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயலில் இரண்டு போகம் நெல், மேட்டு நிலத்தில் புதிதாகப் போட்ட திராட்சைப் பந்தல். அரிசிக்குப் பஞ்சமில்லாத வீடு என்பதில் அத்தைக்கு ஒரு மிதப்பு உண்டு. முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது அந்த மிதப்பு முழுவதையும் எனக்கு ஊட்டினார். காலையில் பாலில் பனங்கற்கண்டு, மத்தியானம் நெய் ஊற்றிப் பிசைந்த சோறு, சாயங்காலம் வெல்லம் போட்ட கொழுக்கட்டை. "ரெண்டு உசுருக்குத் திங்கணும் தாயி" என்று வாயருகே கொண்டுவந்து விடுவார். நானும் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

இரண்டாவது தடவை மருத்துவச்சியை நம்ப வீட்டுக்காரருக்கு மனமில்லை. ஐந்தாம் மாதம் தேனியில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். அத்தையும் கூடவே வந்தார். டாக்டரம்மா என் முதல் பிரசவத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். கையில் ரத்தம் எடுத்தார்கள். பிறகு சிறுநீரைப் பிடித்து வரச் சொன்னார்கள். கண்ணாடிக் குழாயில் நீல நிற மருந்தை ஊற்றி, அதில் சில சொட்டுச் சிறுநீரை விட்டு, விளக்கில் காட்டிச் சூடாக்கினாள் நர்ஸ். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் சூளையிலிருந்து எடுத்த செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. எனக்கு என்னவென்று புரியாவிட்டாலும் அந்த நிறம் பிடிக்கவில்லை.

"உனக்குச் சர்க்கரை இருக்கு" என்றார் டாக்டரம்மா. "பிள்ளை உண்டானதால வந்த சர்க்கரை. உன் ரத்தத்துல ஏறுற சர்க்கரை பிள்ளைக்கும் போகுது. அதான் அளவு மீறி வளருது. மொதப் பிள்ளை ஏன் அவ்வளவு பெரிசா இருந்துச்சுன்னு இப்பத் தெரியுதா? இதையும் அப்படியே விட்டா, கடைசி மாசத்துல வயித்துக்குள்ளயே பிள்ளையோட மூச்சு நின்னாலும் நின்னுரும்."

அத்தை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றார். நான் அவரையே பார்த்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் நாக்கு நுனியில் நின்றது. இத்தனையும் ஊட்டி வளர்த்தது யார்? கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வீரபாண்டி தாண்டியதும் வாந்தி வந்துவிட்டது. அத்தைதான் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். கேள்வி அதோடு உள்ளே போய்விட்டது, ஆனால் செரிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் அத்தை வீட்டைக் காலி செய்ய ஆரம்பித்தார். சீனி டப்பா, வெல்லப் பானை, கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன் பாட்டில், எல்லாவற்றையும் கூடையில் போட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டார். வீட்டுக்காரர் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"எனக்குமா?"

"வீட்டுல இருந்தா கை போகும்லே. பிள்ளை வேணுமா, சீனி வேணுமா?" என்றார் அத்தை.

அவர் மிச்சத்தையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். விருந்தாளிகளுக்கும் அதே காப்பிதான். இரண்டு வாரத்தில் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வருவது குறைந்துபோனது.

அடுத்தது அரிசி. சர்க்கரைக்காரர்களுக்குக் கேழ்வரகுதான் மருந்து என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் முதல் திராட்சைக்கு மருந்தடிக்க வருகிறவன் வரை சொன்னார்கள். டாக்டரம்மாவும் அரிசியைக் குறைத்துக் கேழ்வரகு சேர்த்துக்கொள் என்றுதான் சொல்லியிருந்தார். எங்கள் பக்கம் அதைக் கேப்பை என்போம். ஆற்றுப் பாய்ச்சல் உள்ள வீடுகளில் கேப்பை வாங்குவது என்றால் அந்த வீடு நொடித்துவிட்டது என்று அர்த்தம். மாசமாக இருக்கிற மருமகளுக்குக் கேப்பைக் களி போடுகிறார்கள் என்று வெளியே தெரிந்தால் மானம் போச்சு. அதனால் அத்தை மலையடிவாரத்து மானாவாரிக் காட்டிலிருந்து ஒரு மூட்டையை மாட்டுத் தீவனத்துக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவரச் செய்தார். திருகைச் சத்தம் தெருவுக்குக் கேட்கக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளறையில் அரைத்தார். கள்ளச் சாராயம் காய்ச்சுகிறவர்கள்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டார்கள்.

காலையில் கூழ். மத்தியானம் களி. சாயங்காலம் அடை. ராத்திரி மறுபடியும் களி. "இதுல சர்க்கரையே கிடையாதுத்தா, வயிறு முட்டத் தின்னு" என்று உருண்டைக்கு மேல் உருண்டையாக வைப்பார். எனக்குத் தொண்டையில் இறங்காது. அரிசிச் சோற்றின் வாசனை எந்த வீட்டிலிருந்து வந்தாலும் அழுகை வரும். ஆனாலும் அந்தச் செங்கல் நிறத்தை நினைத்துக்கொண்டு விழுங்கினேன்.

டாக்டரம்மா குழாயும் நீல மருந்தும் ஒரு சின்ன ஸ்பிரிட் விளக்கும் கொடுத்தனுப்பியிருந்தார். காலையில் கொல்லையில் அந்தப் பரீட்சை நடக்கும். வீட்டுக்காரர் விளக்கைப் பற்றவைப்பார், நான் குழாயை இடுக்கியில் பிடிப்பேன், அத்தை குனிந்து பார்ப்பார். மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம். பச்சையில் நின்றால் அன்றைக்கு வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கும். மஞ்சள் வந்தால் வீட்டுக்காரர் சொல்லாமல் வயலுக்குப் போய்விடுவார். முதல் வாரம் பச்சை ஒன்றிரண்டு தடவை வந்தது. பிறகு மஞ்சள். பிறகு ஆரஞ்சு. இனிப்பென்று ஒரு துளி நாக்கில் படவில்லை, சோறு ஒரு பருக்கை இல்லை, ஆனால் நிறம் ஏறிக்கொண்டே போனது.

சந்தேகம் என்பது கறையானைப் போல, சத்தமில்லாமல் வேலை செய்யும். நான் எங்கேயோ ஒளித்து வைத்துத் தின்கிறேன் என்று அத்தை நினைத்தார். அரிசிப் பானையின் மூடியை அவர் ஒரு தினுசாகச் சாய்த்து வைப்பதையும், திரும்பி வந்து அது அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பதையும் கவனித்தேன். நான் மட்டும் சளைத்தவளா? களியில் கருப்பட்டி கலக்கிறாரோ என்று ஒவ்வொரு வாயையும் நாக்கில் உருட்டிப் பார்த்துத்தான் விழுங்கினேன். ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில், ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம். நடுவில் வயிறு மட்டும் வளர்ந்தது. அது சரியான அளவில்தான் வளர்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. ராத்திரி படுத்தால் வயிற்றை ஜாண் போட்டு அளந்து பார்ப்பேன்.

ஏழாம் மாதம் வளைகாப்பு வந்தது. வேண்டாம் என்று நான் சொல்லியும் ஊர் வாய்க்குப் பயந்து வைத்தார்கள். போடியிலிருந்து அம்மா வந்தாள். எங்கள் வழக்கப்படி தாய் வீட்டுச் சோறு வர வேண்டும். புளியோதரை, தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச் சோறு, எள்ளுச் சோறு, கல்கண்டுச் சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று தூக்குச் சட்டிகளை வரிசையாக இறக்கினாள். மஞ்சள் பூசி, வளையல் போட்டு, என்னை மணையில் உட்கார வைத்தார்கள். அம்மா சர்க்கரைப் பொங்கலை ஒரு கவளம் எடுத்து என் வாய்க்குக் கொண்டுவந்தாள். நெய்யும் ஏலக்காயும் மணத்தன. எனக்கு எச்சில் ஊறியது என்பதை இப்போது சொல்வதில் என்ன வெட்கம்.

அத்தையின் கை குறுக்கே வந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"வேணாம் மதினி. மத்தவுகளுக்குக் குடுங்க."

தாய் வீட்டுச் சோற்றைச் சம்பந்தி தடுப்பது யாரும் கேள்விப்படாத காரியம். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"எம்மக எலும்பும் தோலுமா இருக்கா. பட்டினி போட்டே கொல்லப் பாக்குறீகளா? கேப்பைக் களி போடுறதாப் போடி வரைக்கும் சேதி வந்துருச்சு. நெல்லு இல்லாட்டிச் சொல்லுங்க, நாங்க அனுப்புறோம்."

அத்தை இத்தனை நாள் கதவைச் சாத்திக்கொண்டு காத்த ரகசியம் ஊர் நடுவில் உடைந்தது. அவர் முகத்தில் அடி வாங்கியவரைப் போல நின்றார். ஆனால் பிடித்த கையை விடவில்லை. "நீங்க என்ன வேணாலும் சொல்லுங்க. இத அவ திங்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரமாக வந்தது. இருவரும் என் வாயைப் பற்றிச் சண்டை போட்டார்களே ஒழிய என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் மணையிலிருந்து எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அம்மா அன்று சாயங்காலமே, கை நனைக்காமல் போடிக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் காலை குழாய் செங்கல் நிறத்துக்குப் போனது.

"ஒங்காத்தா என்னத்தையோ கையில குடுத்துட்டுப் போயிருக்காக" என்றார் அத்தை.

"நான் தின்னா தின்னேன்னு சொல்லுவேன், அத்தை. எனக்கு என்ன, பிள்ளை மேல ஆசை இல்லையா?" என்று கத்தினேன். வாக்கப்பட்டு வந்து அவரிடம் நான் குரலை உயர்த்தியது அன்றுதான். வீட்டுக்காரர் விளக்கை ஊதி அணைத்துவிட்டு, "கெளம்புங்க, தேனிக்குப் போவோம்" என்றார்.

டாக்டரம்மா என்னை எடை பார்த்தார், வயிற்றை நாடாவால் அளந்தார், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார்.

"பிள்ளை மாசத்துக்கு மேல வளர்ந்திருக்கு. என்ன தின்னுற? உண்மையச் சொல்லு. நீ ஏமாத்துறது என்னை இல்லை. இன்னும் ஒரு வாரம் பாப்பேன். எறங்கலைன்னா மதுரைக்கு அனுப்பிருவேன். அங்கன ஆஸ்பத்திரியிலயே படுத்து, தெனமும் ஊசி போட்டுக்கிட்டு இருக்கணும். அதுக்குள்ள பிள்ளைக்கு என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது."

நான் பதில் சொல்லுமுன் அழுதுவிட்டேன். கதவோரம் நின்றிருந்த அத்தை உள்ளே வந்தார்.

"அவ ஒண்ணும் திங்கலை, தாயி. நான் காவ காக்குறேன். கேப்பையத் தவிர வேற எதுவும் அவ வயித்துக்குள்ள போகலை."

"எவ்வளவு கேப்பை?"

அத்தை இரண்டு கைகளையும் குவித்துக் காட்டினார். குவித்த கைக்குள் ஒரு உரித்த தேங்காய் உட்காரும். "இம்புட்டு உருண்டை. வேளைக்கு ரெண்டு. பசிச்சா இன்னொண்ணு. அதுல ஒண்ணும் இல்லைல, அதனால அளவு பாக்குறதில்ல."

டாக்டரம்மா அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார்: "கேப்பையும் மாவுதாம்மா. எந்த மாவு உள்ள போனாலும் சர்க்கரையாத்தான் மாறும். அரிசிய விட மெதுவா மாறும், அம்புட்டுத்தான். நீங்க போடுறது ரெண்டு ஆளு சாப்பாடு. அவ சோறே தின்னிருந்தாலும் இவ்வளவு ஏறியிருக்காது."

அத்தையின் கைகள் அப்படியே கீழே இறங்கின. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம் அது. வரவில்லை. ஒரு மாதமாக அரிசிப் பானை மூடியைச் சாய்த்து வைத்த அவரையும், களியை நாக்கில் உருட்டிய என்னையும் நினைத்து அருவருப்பாக இருந்தது. அவ்வளவு பாடுபட்டு, அவ்வளவு அவமானப்பட்டு, நாங்கள் இருவரும் சேர்ந்து அந்தக் குழாயைச் சிவக்க வைத்திருக்கிறோம்.

அன்றைக்குத்தான் டாக்டரம்மா அளவு சொன்னார். களி என்றால் ஒரு கைக்குள் அடங்குவது. அதோடு அதைவிட இரண்டு பங்கு கீரை, அவரைக்காய், புடலங்காய். பருப்போ முட்டையோ மீனோ ஏதாவது ஒன்று. வயிறு முட்ட நாலு வேளை தின்பதை விட்டுவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் நடை. சாப்பிட்டவுடன் படுக்கவே கூடாது.

சாப்பாட்டை மாற்றுவதைவிட நடப்பதுதான் பெரிய பாடு. வயலில் வேலை செய்கிற பெண்கள் பிள்ளை பிறக்கும் நாள்வரை நடக்கிறார்கள், அவர்களை யாரும் ஏனென்று கேட்பதில்லை. வீட்டோடு இருக்கிற மருமகள் வெறுங்கையோடு வாய்க்கால் கரையில் இங்கிட்டும் அங்கிட்டும் நடந்தால் அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்பார்கள், அல்லது வீட்டில் சண்டை என்பார்கள். அத்தை அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். இடுப்பில் ஒரு கூடையை வைத்துக்கொண்டு என்னோடு வந்தார். எதிரே யாராவது வந்தால், "கீரை பறிக்கப் போறோம்" என்பார். அடுத்த வேளையும் அதே கூடை, அதே கீரை. "எந்நேரமும் கீரையா? அங்கன அம்புட்டா மொளச்சுக் கெடக்கு?" என்று ஒருத்தி கேட்டுவிட்டாள். அத்தை அவளை ஒரு முறை முறைத்தார். அதன் பிறகு கேட்பார் இல்லை.

அந்த நடையில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவர் முன்னால் போவார், நான் பின்னால் போவேன். கால் வீங்கும், இடுப்பு விட்டுப்போகும், உட்காரலாமா என்று கேட்கத் தோன்றும். கேட்க மாட்டேன். அவரும் திரும்பிப் பார்க்க மாட்டார். ஆனால் என் நடை தளர்ந்தால் அவர் நடையும் தளரும். குழாய் மெல்ல மெல்ல மஞ்சளுக்கு வந்து, பச்சைக்கு வந்து, சில காலைகளில் நீலத்திலேயே நின்றது. அப்போதும் யாரும் சந்தோஷப்படவில்லை. முதல் பிள்ளையும் கடைசி நிமிஷம் வரை உயிரோடுதான் இருந்தது.

நாள் தள்ளிப்போக விடமாட்டேன் என்று டாக்டரம்மா ஒன்பதாம் மாதமே என்னைத் தேனியில் சேர்த்துக்கொண்டார். வலி வர ஊசி போட்டார். மறுநாள் விடிகாலையில் பெண் பிள்ளை பிறந்தது. அழுதது. பெரிய பிள்ளை இல்லை, சிறிய பிள்ளையும் இல்லை, நல்ல பிள்ளை என்று நர்ஸ் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் ஏறியிருந்தது. அத்தை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் மாத்திரை வாங்கக் கடைக்குப் போயிருந்தார். பிள்ளையைக் கொடுங்கள் என்று வாங்கினேன். குளிர்ச்சியாக இருந்தது. மார்பில் வைத்தேன், சப்பவில்லை. கன்னத்தைத் தட்டினேன், கண் திறக்கவில்லை. கையும் காலும் விட்டு விட்டு வெடவெடவென்று உதறின. உதட்டைச் சுற்றி நிறம் மங்கியிருந்தது.

நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடிவந்தாள். பிள்ளையைப் பார்த்தாள், ஜன்னல் மேடையைப் பார்த்தாள். அங்கே குளுக்கோஸ் கரைத்த தண்ணீர் கிண்ணத்தில் மூடியபடி அப்படியே இருந்தது. பக்கத்தில் பிள்ளைக்குப் புகட்டுகிற பாலாடைச் சங்கு காய்ந்து கிடந்தது.

"என்னம்மா இது? பால் ஊறுற வரைக்கும் இதைக் கொஞ்சம் கொஞ்சமாப் புகட்டச் சொல்லித்தான வச்சுட்டுப் போனேன்? ஒரு வாய் கூடவா குடுக்கலை?"

"சர்க்கரைத் தண்ணியாச்சே அது" என்றார் அத்தை. "சேனை வைக்க வந்தவுகளைக்கூட வாசலோட அனுப்பிட்டேன்."

சேனை வைப்பதென்றால், பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பது. எங்கள் பக்கம் அது இல்லாமல் எந்தப் பிள்ளையும் வளர்ந்ததில்லை. தொட்டு வைக்கிறவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள், அதற்காகவே உறவுக்குள் போட்டி நடக்கும். அந்த உரிமை பாட்டியான அவருக்குத்தான். அதை அவரும் செய்யவில்லை, யாரையும் செய்ய விடவும் இல்லை.

"தாய்க்கு ஆகாதும்மா அது. பிள்ளைக்கு இப்ப அதுதான் உசுரு! உள்ள இருக்கிறவரைக்கும் தாய் சர்க்கரையில இருந்துச்சு. வெளிய வந்ததும் அது நின்னுபோச்சு. பிள்ளை ஒடம்புல சர்க்கரை சட்டுன்னு எறங்குது" என்று நர்ஸ் பிள்ளையைத் தூக்கி அத்தையின் மடியில் சாய்த்து, பாலாடையில் தண்ணீரை மொண்டு கையில் கொடுத்தாள். "சொட்டுச் சொட்டா நாக்குல விடுங்க. முழுங்குறவரைக்கும் விடுங்க. நான் டாக்டரம்மாவைக் கூட்டியாறேன்." அவள் ஓடிவிட்டாள்.

அத்தை பாலாடையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கை அசையவில்லை. பிள்ளையின் கால் இன்னொரு தடவை உதறி ஓய்ந்தது.

"குடுங்க, அத்தை."

"எங்கையி வேணாத்தா." பாலாடையை என் பக்கம் நீட்டினார். "மொதப் பிள்ளைய இந்தக் கைதான் ஊட்டி ஊட்டிக் கொன்னுச்சு. இதுக்கும் நான் குடுக்க மாட்டேன்."

எத்தனையோ மாதமாக என் தொண்டையில் கிடந்த கேள்வி அது. அவர் வாயாலேயே பதில் வந்துவிட்டது. வந்ததும் எனக்குத் தாங்க முடியாத கோபம் வந்தது, அவர் மேல் இல்லை, யார் மேலென்றும் தெரியவில்லை. எனக்கு எழுந்து உட்காரத் தெம்பில்லை, தையல் பிடித்து இழுத்தது. படுத்தபடியே அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பிள்ளையின் வாய்க்குத் திருப்பினேன்.

"குடுங்கன்னா குடுங்க! இது செத்தா ஒங்கள நான் சும்மா விடமாட்டேன்!"

முதல் சொட்டு கடைவாயில் வழிந்தது. இரண்டாவது சொட்டு உள்ளே போய் அங்கேயே நின்றது. மூன்றாவது சொட்டுக்குத் தொண்டை அசைந்தது. அத்தை "முழுங்குதுத்தா, முழுங்குது" என்று சொல்லிக்கொண்டே விட்டார். ஒரு சொட்டுக்கூட அதன் பிறகு வெளியே சிந்தவில்லை. டாக்டரம்மா வந்து ஊசியை எடுத்துத் தயார் செய்வதற்குள் பிள்ளை முகத்தைச் சுளித்து, கையை ஆட்டி, வீறிட்டு அழுதது.

பிரசவம் ஆன பிறகு வீட்டில் எதுவும் பழையபடி ஆகவில்லை. பிள்ளை பெற்றவளுக்கென்று கருப்பட்டி போட்டுக் கிண்டுகிற லேகியத்தை அத்தை கருப்பட்டி இல்லாமல் இஞ்சியும் மிளகும் பூண்டுமாக இடித்துக் கொடுத்தார். வாயில் வைக்க முடியாது, கண்ணில் தண்ணீர் வரும். எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும் வாய்க்கால் கரைக்குப் போனோம். இந்தத் தடவை கூடை கொண்டுபோகவில்லை. கேப்பை மூட்டையும் வாசல் வழியாகவே வந்து இறங்கியது.

ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பவும் தேனிக்குப் போனோம். குளுக்கோஸ் குடிக்க வைத்து ரத்தம் எடுத்தார்கள், குழாயைச் சூடாக்கினார்கள். நீலம் நீலமாகவே நின்றது. டாக்டரம்மா சந்தோஷப்பட்டாலும் விட்டுவிடவில்லை.

"போயிருச்சுன்னு நெனைக்காத. ஒதுங்கி நிக்குது, அம்புட்டுத்தான். பழையபடி தின்னு உடம்பு போட்டா நெரந்தரமா வந்து உக்காந்துக்கும். பால் குடு, அது உனக்கும் நல்லது. நடைய விடாத. வருஷா வருஷம் பாத்துக்க. அடுத்த பிள்ளை வேணும்னா மொதல்ல என்கிட்ட வா."

நான் தலையாட்டினேன். பிள்ளையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அத்தை எழவில்லை.

"தாயி, ஒண்ணு கேக்கணும். மொதப் பிள்ளை நான் போட்ட சாப்பாட்டாலதான செத்துச்சு?"

டாக்டரம்மா என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து அத்தைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"அவ ஒடம்புல சர்க்கரை இருந்துச்சும்மா. ஒடம்பு அதைத் தாங்கலை. யாரும் பாக்கலை. பாத்திருந்தா நீங்க ஊட்டியிருக்க மாட்டீங்க. ஊட்டுனது தப்பில்லை, பாக்காம விட்டதுதான் தப்பு. அது உங்க தப்பில்லை."

அத்தை கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்கார வைத்து, பிள்ளையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். சின்னமனூரில் கூட்டம் இறங்கியது. அதன் பிறகு அழ ஆரம்பித்தார். சத்தமில்லாமல், முந்தானையால் பிள்ளையின் முகத்தில் கண்ணீர் விழாமல் தடுத்துக்கொண்டே அழுதார். அந்த முதல் பிள்ளைக்காக அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

நான் அந்தப் பிள்ளையைப் பார்த்ததில்லை. மயக்கம் தெளிவதற்குள் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். பார்த்தால் மனம் தாங்காது என்று பெரியவர்கள் முடிவெடுத்ததாம். அதைக் கையில் வாங்கித் துணியில் சுற்றியது அத்தை ஒருத்திதான். அதைப் பற்றி வீட்டில் பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் யாரும் பேசியதும் இல்லை.

"எப்படி இருந்துச்சு, அத்தை?" என்று கேட்டேன்.

அவர் மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். "நெறைய முடி. காது வரைக்கும் எறங்கி இருந்துச்சு. ஒன்னைய மாதிரி நெத்தி. கையி ரெண்டையும் இறுக்கிப் பிடிச்சிருந்தான், நான்தான் பிரிச்சு விட்டேன். வெரல் எல்லாம் நீளம் நீளமா இருந்துச்சுத்தா."

உத்தமபாளையம் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். நான் குறுக்கே பேசவில்லை. ஆண் பிள்ளை என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.